குலுங்கும் வண்டிக்குள் தீயணைப்பானை அசையாமல் பொருத்துவது எப்படி?

மலைத்தடத்துக்கும் ஆற்றுப்படுகைக்கும் வண்டி எடுத்துப் போகிறவர்களில் பலர் தீயணைப்பான் வாங்கியிருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால், டிக்கியில் கூடாரத்துக்கு அடியில் என்பார்கள். இல்லையென்றால் சீட்டுக்குக் கீழே சும்மா கிடக்கும்.

நானும் முதல் வருஷம், கூடவே வந்த பிளாஸ்டிக் பிடியில்தான் மாட்டி வைத்திருந்தேன். ஜவ்வாது மலையில் கல்லும் குழியுமான ஒரு இறக்கத்தில் அந்தப் பிடி விரிந்து, சிலிண்டர் உருண்டு என் காலடிக்கு வந்துவிட்டது. பிரேக் பெடலுக்கு அடியில் அது சிக்காமல் போனது என் நல்ல நேரம். அன்றைக்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருப்பது 2020-க்குப் பிந்தைய மஹிந்திரா தார், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற வண்டிகளுக்கு எங்கே மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், தீ எங்கிருந்து வருகிறது?

இடம் தேர்வு செய்ய இது தெரிந்திருக்க வேண்டும். காட்டுத்தடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்று ஆபத்துகள் அதிகம். ஒன்று, காய்ந்த புல். வண்டியின் அடிப்பாகத்தைக் கல்லடியிலிருந்து காக்கும் ஸ்கிட் பிளேட் என்ற தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே புல் சேர்ந்துகொண்டே வரும். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைக்கரியை எரித்துத் தள்ளும் வடிகட்டி ஒன்று உண்டு. அது எரிக்கும் நேரத்தில் அதன் உள்சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் ஸ்பினிஃபெக்ஸ் என்ற புல் இப்படி அடியில் சேர்ந்தே பல வண்டிகள் எரிந்திருக்கின்றன. நம் மலைகளில் பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இதே ஆபத்து இங்கேயும் உண்டு.

இரண்டாவது, நாமே பின்னால் சேர்த்த ஒயரிங். ஃபியூஸ் போடாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த லைட் பார் ஒயர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் மோட்டாருக்குப் போகும், உரசி உரசித் தோல் போன மின்கேபிள். மூன்றாவது, வண்டி கவிழ்ந்தால் சூடான எக்சாஸ்ட் மேல் கொட்டும் எண்ணெயும் பெட்ரோலும்.

இந்த மூன்றிலும் ஆரம்பத்துச் சில வினாடிகள்தான் நம் கையில் இருக்கும். டிக்கியைத் திறந்து சாமான்களை இறக்க நேரம் இராது.

படி 1: எதை வாங்குவது

ஏபிசி வகை உலர் பௌடர், 2 கிலோ. துணி, எரிபொருள், வாயு ஆகிய மூன்று வகைத் தீக்கும் இது உதவும், ஒயரிங் தீயிலும் அடிக்கலாம். 1 கிலோ சிலிண்டர் சிறியது, மாட்ட எளிது. ஆனால் பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும், முதல் தடவை கை நடுங்கிக் குறி தவறினால் அவ்வளவுதான். இடமே இல்லை என்றால் மட்டும் 1 கிலோ.

கார்பன் டை ஆக்சைடு வகை வேண்டாம். திறந்தவெளிக் காற்றில் அந்த வாயு கலைந்து போய்விடும். உடம்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா, பிரஷர் மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வால்வு உலோகத்தில் இருக்கட்டும்.

படி 2: இடம்

சீட் பெல்ட் போட்டபடி உட்காருங்கள். இரண்டு கையையும் நீட்டிப் பாருங்கள். எட்டுகிற இடங்களில்தான் தீயணைப்பான் இருக்க வேண்டும். அதே இடத்தை, கதவைத் திறந்து வெளியே நிற்கிற ஒருவரும் எட்ட வேண்டும். எனக்கு அமைந்தது பக்கத்து சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே, வண்டிக்குக் குறுக்குவாட்டில். குறுக்கே வைத்தால், நேர் மோதலில் சிலிண்டர் பட்டைக்குள்ளிருந்து அம்பு மாதிரி முன்னால் உருவிக்கொண்டு போகாது. படுக்கையாக வைக்கலாமா என்பதை மட்டும் அதன் குறிப்புத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாரில் ரோல் கேஜ், அதாவது கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, இருப்பதால் பின்பக்கக் குழாயிலும் மாட்டலாம். தலை மட்டத்தில் மட்டும் வேண்டாம், கவிழும்போது மண்டையில் அடிக்கும். டேஷ்போர்டின் மேலும் வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த இடம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். மாருதி ஜிம்னியில் ஆறு ஏர்பேக் இருப்பதால், சீட்டின் பக்கவாட்டிலும் கதவுக்கு மேல் கூரையோரத்திலும் எதையும் பொருத்தக்கூடாது.

படி 3: பிராக்கெட்

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். ராலி வண்டிகளுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி ஒன்று உண்டு: தீயணைப்பானின் பிடிப்பு, புவியீர்ப்பைப் போல 25 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். சட்டென்று திறக்கும் உலோகப் பட்டைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2 கிலோ பௌடர் சிலிண்டரின் மொத்த எடை ஏறத்தாழ 4 கிலோ வரும். 25 மடங்கு என்றால் 100 கிலோ, அதாவது நான்கு 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் ஒரே நொடியில் அந்தப் பிடியை இழுப்பதற்குச் சமம். பிளாஸ்டிக் பிடியோ வெல்க்ரோ பட்டையோ அதற்கு எங்கே தாங்கும்? நாம் ராலிக்குப் போகவில்லைதான். ஆனாலும் கவிழ்கிற வண்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே, இரட்டை எஃகுப் பட்டையும் நெம்பித் திறக்கும் கொக்கியும் உள்ள பிராக்கெட் வாங்குங்கள். சிலிண்டரின் விட்டத்துக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். விட்டம் தெரியாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் போதும். ரோல் கேஜ் குழாய்க்கும் இதே கணக்குதான்.

படி 4: பொருத்துதல்

ரோல் கேஜ் என்றால், குழாயின் அளவுக்கேற்ற இரண்டு பகுதி கிளாம்ப் இரண்டு வேண்டும். குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். வழுக்காது, பெயின்டும் போகாது. ரோல் கேஜில் துளை மட்டும் போடாதீர்கள், குழாயின் பலமே போய்விடும்.

தரையில் என்றால், கார்பெட்டைத் தூக்கி இடத்தைக் குறித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு எதுவும் அந்த நேருக்கு இருக்கக்கூடாது. இதைப் பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள், தயவுசெய்து. எம்8 அளவு (8 மில்லிமீட்டர்), 8.8 வலிமைத் தர போல்ட் நான்கு வேண்டும். தகரத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு கொடுத்து, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டு முடுக்குங்கள். சாதா நட் குலுக்கலில் கழன்றுவிடும். தகரத்தில் தானே மரை போட்டு இறங்கும் ஸ்குரூவும் ரிவெட்டும் போதவே போதாது. துளை விளிம்பில் துருத் தடுப்பு பிரைமர் தடவி, சீலன்ட் வைத்து மூடுங்கள்.

துளை போட மனமில்லாதவர்கள் சீட் போல்ட்டுக்கு அடியில் தகடு கொடுத்து அதில் மாட்டுவார்கள். செய்யலாம், ஆனால் மோதலில் நம்மைப் பிடித்து வைக்கிற போல்ட் அது. தகட்டின் தடிமனால் மரை பிடிப்பு குறையக்கூடாது, வண்டி நிறுவனம் சொன்ன டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், முடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் உள்ள ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டைகளுக்கு உள்ளேயும் டியூப் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் வரும், பெயின்ட் உரிந்து துருவும் பிடிக்கும்.

படி 5: சோதனை

சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு ஆட்டுங்கள். வண்டி ஆடலாம், சிலிண்டர் ஆடக்கூடாது. அப்புறம் பெல்ட் போட்டு, கண்ணை மூடி, கொக்கியைத் திறந்து வெளியே எடுங்கள். ஐந்து வினாடிக்குள் வர வேண்டும். இடது கையால் ஒருமுறை. வெளியே நின்று ஒருமுறை. கூட வருகிறவர்களையும் செய்யச் சொல்லுங்கள். என் மகளுக்குக் கொக்கி கடினமாக இருந்ததால், பட்டையை ஒரு சுற்று தளர்த்தி, உள்ளே இன்னொரு அடுக்கு டியூப் கொடுத்தேன்.

சேஃப்டி பின் குலுக்கலில் கழன்று வராமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் முத்திரை ஒன்று இருக்கும். அது அறுந்தால், கையால் இழுத்தால் அறுகிற அதே மாதிரி ஒன்றைப் போடுங்கள். தடித்த கேபிள் டை போட்டுவிட்டு, தீப்பிடிக்கும்போது கத்தி தேட வேண்டாம்.

மாதம் ஒருமுறை

குலுக்கலில் பௌடர் அடியில் இறுகி உட்கார்ந்துவிடும். கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே பௌடர் சரிவது கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். மீட்டர் முள்ளை மட்டும் நம்பாமல் தராசில் நிறுத்து, லேபிளில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். நாசிலைப் பாருங்கள், திறந்த வண்டியில் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும். போல்ட்டுகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். வருஷம் ஒருமுறை சர்வீஸ், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை.

தீப்பிடித்தால்

இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்குங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நில்லுங்கள். பின்னை உருவி, தழலின் அடியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்று புகுந்து தீ எகிறும். பானெட்டின் முதல் கொக்கியை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியாக அடியுங்கள். சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு விலகுங்கள், 101 அல்லது 112-க்கு அழையுங்கள். அணைந்துவிட்டால், அந்தப் பௌடர் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும் என்பதால் சீக்கிரமே சுத்தம் செய்யக் கொடுங்கள்.

பழைய சிலிண்டர் காலாவதியானால் தூக்கிப் போடாதீர்கள். ரீஃபில் கொடுப்பதற்கு முன் ஒரு வெட்டவெளியில், வீட்டில் உள்ள எல்லோரையும் இரண்டிரண்டு வினாடி அடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தமும் வெள்ளைப் புகையும் ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த முறை கை தயங்காது.