இழுவைப் படகுக்கு ஆள் ஏற்றினேன்

என் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி இழுவைப் படகு 1:32 அளவு, அதாவது நிஜப் படகில் 32-இல் ஒரு பங்கு. குளத்தில் நன்றாக ஓடும். ஆனால் ஆளில்லாமல் ஓடுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

எளிதில் கிடைப்பவை 1:35 அளவுப் போர்வீரர் பொம்மைகள். 170 செ.மீ. மனிதர் 1:32-இல் 53 மி.மீ. இருக்க வேண்டும், இவர்கள் 49 மி.மீ. தான். குள்ளமான மாலுமி உலகில் இல்லையா என்ன? துப்பாக்கியை வெட்டிவிட்டுக் கையில் கயிறு கொடுத்தேன். தலைக்கவசத்தைத் தேய்த்து, எபாக்சி புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் களிம்பு) கம்பளித் தொப்பி வைத்தேன்.

கேப்டன் நின்று படகை ஓட்டும் சுக்கான் அறைதான் படுத்தியது. அடியில் மோட்டார் இருப்பதால் தரை உயரம். கேப்டனின் தலை கூரையில் இடித்தது. இடுப்போடு அறுத்துவிட்டேன். சன்னல் வழியே மார்புக்கு மேல்தானே தெரியும்! மேல்பகுதியில் எடையும் குறைந்தது. அங்கே பாரம் ஏறினால் திருப்பத்தில் படகு சாயும். உட்சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசினேன், சன்னலுக்குப் பின்னால் எந்த நிறமும் இருண்டுதான் தெரியும்.

சன்னல் பிளாஸ்டிக்கை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி வெண்படலமாகப் படியும். காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பி.வி.ஏ. பசையே போதும். பழுது பார்க்க வசதியாகக் கூரையைச் சிறு காந்தங்களால் நிறுத்தியிருக்கிறேன்.

இந்த அளவில் கண்ணுக்கு வெள்ளை தீட்டினால் முறைப்பதுபோல் ஆகிவிடும். கண்குழியில் பழுப்புச் சாயம் தேங்கினால் போதும். தலையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி ஒட்டுங்கள், ஆள் எதையோ கவனிப்பதாகத் தோன்றும்.