சிறுநீரக நோய் ஆய்வு: ஒரே ஒரு கிரியேட்டினினை நம்பி எழுதாதீர்கள்

இந்த வருடமும் இரண்டு முதுநிலை மாணவர்கள் நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றிய ஆய்வேட்டை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் நான் பல வருடங்களுக்கு முன் செய்த அதே பிழை. ரத்தக் குழாயில் பெயர் ஒட்ட மறப்பது, படிவத்தில் வயதை மாற்றி எழுதுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டாம் நாளே தானாகச் சரியாகிவிடும். ஆய்வையே கெடுத்துவிடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு நோய் என்று எழுதுவது

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் நாங்கள் கணக்கெடுத்தது சித்திரை மாதத்தில். கல் அடுக்குகிற ஒருவர், வயது 42. விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்கு இறங்கியவர், மதியம் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கையை நீட்டியபோது முழங்கை வரை செம்மண் தூசி. பஞ்சால் இரண்டுமுறை துடைத்த பிறகுதான் நரம்பு தெரிந்தது. காலையிலிருந்து இரண்டு டீ குடித்திருக்கிறார். இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று. அவ்வளவுதான்.

கிரியேட்டினின் 1.6 வந்தது. தசையிலிருந்து வரும் கழிவு அது; சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, 55. “நாட்பட்ட சிறுநீரக நோய், நிலை 3” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

“சார், கிட்னி போயிடுச்சா?” என்று கேட்டார். “பெரிய ஆஸ்பத்திரில காட்டிடுங்கண்ணே” என்றேன். அவர் மேஸ்திரியிடம் இன்னொரு முன்பணம் வாங்கி, ஸ்கேனுக்கும் மருந்துக்கும் செலவழித்து, வேலையையும் விட்டிருக்கிறார். நாலு மாதம் கழித்து அவருடைய ஊரில் மறுபடி ரத்தம் எடுத்தோம். கிரியேட்டினின் 1.0, இஜிஎஃப்ஆர் 96. சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் கசியவில்லை. அவருக்கு அந்த நோயே கிடையாது. கடன் மட்டும் இருந்தது. அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதலான கேடிகோ (KDIGO) இதைத் தெளிவாகச் சொல்கிறது. இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இருப்பதோ, சிறுநீரில் அல்புமின் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ போவதோ, சிறுநீரகம் பழுதுபட்டதற்கான வேறு அடையாளமோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ‘நாட்பட்ட’ என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருப்பது தெரிந்தால், நோய் பழையது என்பதற்கு அதுவே சாட்சி. அதுவும் இல்லாமல், தண்ணீர் வற்றிய உடம்பில் எடுத்த ஒரே அளவை வைத்து எப்படி எழுதுவது?

ஆய்வுக்கு வரும் கேடு இன்னும் ஆழமானது. வெயிலில் வேலை செய்தவர்களுக்கு அன்றைக்கு மட்டும் கிரியேட்டினின் ஏறுகிறது. அவர்களை நோயாளிகள் பட்டியலில் சேர்க்கிறீர்கள். பிறகு அபாயக் காரணிகளைத் தேடினால் ‘வெயில்’ என்று வராமல் வேறு என்ன வரும்? நீங்களே போட்ட விதைதான் முளைத்திருக்கிறது. எல் சால்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானத்திலும் உழைக்கும் மக்களின் சிறுநீரகம் காரணம் புரியாமல் கெடுகிறது. வெப்பம் அதற்கு ஒரு காரணமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. கரும்பு வெட்டுபவர்களுக்கு ஒரே ஷிஃப்டுக்குள் கிரியேட்டினின் ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த ஏற்றம் நிரந்தரப் பழுதாக மாறுகிறதா என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் ஒவ்வொரு ஆய்வேடும் அந்தக் கேள்வியைப் பின்னுக்கு இழுக்கிறது. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

“இரண்டாம் முறை போகப் பணமில்லை சார்” என்பார்கள். அப்படியானால் முதல் சுற்றில் ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் “ஒருமுறை அளந்ததில் இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இருந்தவர்கள்” என்று மட்டும் எழுதுங்கள். நோயின் பெயரைத் தொடாதீர்கள்.

கிரியேட்டினினை அப்படியே ஒப்பிடுவது

1.3 என்பது 30 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் 76. அதே 1.3 ஒரு 65 வயது அம்மாவுக்கு 46. வயதையும் பாலினத்தையும் சேர்த்து இஜிஎஃப்ஆர் கணக்கிடும் 2021 சிகேடி-எபி (CKD-EPI) சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். தசை வற்றிப்போன உடம்பில் இந்தக் கணக்கும் ஏமாற்றும்; அங்கே தசையை அதிகம் சாராத சிஸ்டாடின் சி என்ற ரத்தப் புரதத்தை அளப்பது உதவும்.

பாதி ரத்தம் ஒரு லேபுக்கு, மீதி இன்னொன்றுக்கு

கிரியேட்டினினை அளக்க ஒரு லேபில் பழைய ஜாஃபே முறை, மற்றதில் என்சைம் முறை என்றால் உங்கள் இரண்டு கிராமங்களை ஒப்பிடவே முடியாது.

சிறுநீரை விட்டுவிடுவது

இஜிஎஃப்ஆர் நன்றாக இருக்கும்போதே அல்புமின் கசியத் தொடங்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் இதைப் பார்க்காமல் விட்டால், ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டியவர்களைத்தான் தவறவிடுகிறீர்கள். காலை முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள்.

இரத்தக்கொதிப்பை உடனே காரணம் என்பது

சிறுநீரகம் கெட்டாலும் கொதிப்பு ஏறும். ஒரே நாள் கணக்கெடுப்பில் எது முந்தியது என்று தெரியாது.

முதல் மாத இறக்கத்தைப் பார்த்து மருந்தைக் குறைசொல்வது

சர்க்கரை நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் தரும் டாபாகிளிஃப்ளோசின், கொதிப்புக்குத் தரும் லோசார்டான் போன்ற மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்குவது வழக்கம். சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் தணிவதன் விளைவு அது. ஒரு மாணவர் ஆறு வார முடிவை வைத்து “மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது” என்று எழுதிக்கொண்டு வந்தார். டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4304 பேரைச் சராசரியாக இரண்டரை ஆண்டு அளவுக்குத் தொடர்ந்து பார்த்தார்கள். சிறுநீரகச் செயல் பாதியாகக் குறைவது, முற்றிலும் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவை சேர்ந்த அபாயம் மருந்து எடுத்தவர்களுக்கு 39 சதவீதம் குறைந்தது. ஆறு வாரத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த நன்மை யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளையும், சிறுநீரகத்தில் பரம்பரை நீர்க்கட்டி உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அந்த 39ஐ அவர்களுக்கும் நீட்டி எழுதாதீர்கள்.

சீட்டு

இப்போது எங்கள் முதல் சுற்றுச் சீட்டில் ‘நோய்’ என்ற சொல் இல்லை. மறுபரிசோதனைத் தேதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களிடம், “வலி மாத்திரை வேண்டாம், தண்ணி நிறையக் குடிங்க. சூளை முடிஞ்சு ஊருக்குப் போயிடுங்க. ஆவணி பொறந்ததும் நாங்களே உங்க வீட்டுக்கு வர்றோம்” என்று வாயால் சொல்லி, ஊர்ப் பெயரையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.