வேலூர் ஜீப்பை டெல்லி பக்கம் கொண்டுபோகிறவர்களுக்கு

ஜவ்வாது மலை ஏற, பாலாற்று மணலில் இறங்க என்று பார்த்துப் பார்த்து மாற்றிய வண்டி. குர்கானிலோ நொய்டாவிலோ வேலை கிடைத்ததும் அதையும் கூட்டிக்கொண்டு போகத்தான் மனசு சொல்லும். கொண்டுபோகலாம், ஆனால் எல்லா வண்டியையும் அல்ல. குர்கான் ஹரியானாவில் இருக்கிறது, நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. இரண்டுமே தேசியத் தலைநகர் பகுதிக்குள் வருவதால் டெல்லிக்கான புகை விதிகள் பெரும்பாலும் அங்கேயும் பொருந்தும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து வையுங்கள்.

முதலில் பி.எஸ். எண்

பி.எஸ். என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டியின் புகைத் தரம். எண் கூடக் கூடப் புகை விதி கடுமை. ஆர்.சி. ஸ்மார்ட் கார்டில் எமிஷன் நார்ம்ஸ் என்று ஒரு வரி இருக்கும். பழைய கார்டில் இல்லையென்றால் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பி.எஸ். 4 வந்துவிட்டது. நாடு முழுக்க அது கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-இல்தான். அதனால் 2013-இல் சென்னையில் பதிவான வண்டியும் அதே வருடம் நம் வேலூர் டி.என். 23-இல் பதிவான அதே மாதிரி வண்டியும் ஒரே பி.எஸ். ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நண்பர் வண்டியை வைத்து உங்கள் வண்டியைக் கணக்குப் போடாதீர்கள்.

தலைநகர் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் தளர்த்திய நீதிமன்றம், அந்தச் சலுகையை டிசம்பரில் பி.எஸ். 4-க்கும் அதற்கு மேலானவற்றுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. பி.எஸ். 3 டீசல் ஜீப் வைத்திருப்பவருக்கு நேரான பதில்: அங்கே கொண்டுபோகாதீர்கள். வேலூரிலேயே தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு விடுமுறைக்கு வந்து ஓட்டுங்கள், இல்லையென்றால் இங்கேயே விற்றுவிடுங்கள். மலை வண்டிக்கு மதிப்பு தெரிந்தவர்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

பி.எஸ். 4 டீசலுக்கு வேறு ஒரு சிக்கல். குளிர்காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் காற்று மாசுக்கான மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அமலாகும். அப்போது டெல்லி, குர்கான், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா இருக்கும் கௌதம் புத்த நகர் ஆகிய இடங்களில் பி.எஸ். 3 பெட்ரோல் காரும் பி.எஸ். 4 டீசல் காரும் ரோட்டுக்கு வரக் கூடாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வண்டி அடிக்கடி வீட்டோடு நிற்கும் என்று தெரிந்தே முடிவெடுங்கள். 10 வருடம் தாண்டிய பி.எஸ். 4 டீசல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டினால் பிடிக்க மாட்டார்கள் என்பது வேறு, புது எண் கொடுப்பார்கள் என்பது வேறு. எந்த ஆபீஸில் பதிவு செய்யப் போகிறீர்களோ அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இங்கே என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று) வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று வண்டி நடுவில் நின்றுவிடும்.

மாற்றியதை வேலூரிலேயே கழற்றுங்கள்

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய தப்பு. எதைப் போட்டோம், பழைய பார்ட் எந்த அட்டைப்பெட்டியில் கிடக்கிறது என்று தெரிந்த மெக்கானிக் இங்கேதான் இருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாமல் பார்ட் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 2019 திருத்தம் சொல்கிறது.

புகை சம்பந்தப்பட்டதை முதலில் எடுங்கள். மலை வண்டிகளில் அதிகம் பார்ப்பது ஈ.ஜி.ஆர். அடைப்பு. வால்வுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு தகடு வைத்து, புகை திரும்பி எஞ்சினுக்குள் வராமல் தடுத்திருப்பார்கள். தகட்டை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப் செய்தபோது ஈ.ஜி.ஆரை சாஃப்ட்வேரிலும் அணைத்திருந்தால், தகடு போன பிறகும் வால்வு திறக்காது. கம்பெனி ஃபைலை ஏற்றுவதும் தகட்டை எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். ரீமேப் செய்தவரிடம் உங்கள் வண்டியின் ஒரிஜினல் ஃபைல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் ஷோரூம் சர்வீஸில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

வால்வைக் கழற்றும்போது உள்ளே தார் மாதிரி கரி ஒட்டியிருக்கும். கார்ப் கிளீனர் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழும். பிறகு அது முழுதாக மூடாது, கரும்புகை நிற்காது. பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போடாதீர்கள். மாட்டியதும் ஸ்கேனரில் பிழைகளை அழித்துவிட்டு 50 கி.மீ. ஓட்டி மறுபடி பாருங்கள். பி0401 திரும்ப வந்தால் ஈ.ஜி.ஆர். பாதையில் இன்னும் அடைப்பு இருக்கிறது.

பி.எஸ். 6 டீசலில் டி.பி.எஃப். இருக்கும், அது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியாக இருந்தால், அதை யாராவது குடைந்து காலி செய்திருக்கிறார்களா என்பதைப் பார்க்க ஸ்கேனர் வேண்டாம். எஞ்சினை அணைத்து சைலன்சர் ஆறியதும் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, குழாயின் வாயில் உள்பக்கமாக ஒரு சுற்று துடையுங்கள். டி.பி.எஃப். உயிரோடு இருந்தால் துணியில் லேசாகச் சாம்பல் நிறம் ஏறும், அவ்வளவுதான். அடுப்புக்கரி மாதிரி கறுத்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. புதிய டி.பி.எஃப். விலையை உடனே விசாரியுங்கள். வண்டியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு விலையே முடிவு செய்யக்கூடும்.

டி.பி.எஃப். நன்றாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால், காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் நடுவில் குட்டி ஓட்டம் ஓட்டியே கரி சேர்ந்திருக்கலாம். பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் வரை 60-க்குக் குறையாமல் ஒரே சீராகப் போய்வாருங்கள். நடுவில் அணைக்காதீர்கள். கரி எரிந்து விளக்கு அணைந்துவிடும். அணையவில்லையென்றால் சர்வீஸில் காட்டியாக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேர்க்குழாய் சைலன்சரை எடுத்து கம்பெனி சைலன்சரைப் போடுங்கள். பெட்ரோல் ஜிப்ஸியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்திருந்தால் அதுவும் திரும்ப வேண்டும். முன்பக்க இரும்பு பம்பர் வேண்டாம், கிராஷ் கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கூரை லைட் பாரையும் இறக்குங்கள். பின்னால் பக்கவாட்டு இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு சீட் போட்டிருந்தால் ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை இடிக்கும். நிறம் மாற்றியிருந்தால் அதையும் ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும்.

டயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் 235/70 ஆர்16-க்குப் பதில் 245/75 ஆர்16 போட்டால், சக்கரத்தின் விட்டம் 735 மி.மீ.-இலிருந்து 774 ஆகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். டெல்லியில் வேகக் கேமரா அதிகம், இந்த மூன்று கிலோமீட்டரும் கணக்கில் வரும். முன்பக்க சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தியிருந்தால், தளர்த்தும்போது இரண்டு பக்கமும் போல்ட்டை எத்தனை சுற்று திருப்பினோம் என்று எண்ணுங்கள். இறக்கியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

எஞ்சினையே மாற்றிய வண்டி என்றால் பேச்சு வேறு. புது எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் மட்டுமே தொடர்ந்து படியுங்கள்.

புகை டெஸ்ட்

பி.எஸ். 4 டீசலுக்குப் புகை அளவு 1.62-க்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தையதற்கு 2.45. பி.எஸ். 4 பெட்ரோலில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.-க்குள். வேலூரிலேயே ஒரு முறை உண்மையாகச் சோதித்துப் பாருங்கள். குழாயில் புரோப் வைக்காமலே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய்ப் பயனில்லை. வண்டியை 20 கி.மீ. ஓட்டிச் சூடாகவே கொண்டுபோங்கள், எஞ்சின் ஆறியிருந்தால் அளவு ஏறும்.

மணலில் ஓடிய வண்டியில் அளவு தாண்டினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்னார்க்கல் குழாய் வைத்த வண்டியில் குழாய் இணைப்புகளில் கிளாம்ப் தளர்ந்து, மணல் ஃபில்டரைத் தாண்டியே உள்ளே போயிருக்கும். ஃபில்டர் பெட்டியின் எஞ்சின் பக்கம் விரலால் தடவினால் நறநறவென்று தெரியும். அப்படித் தெரிந்தால் டர்போவையும் காட்டுங்கள். அடுத்து டர்போ ஹோஸில் வெடிப்பு, அதற்கப்புறம் இன்ஜெக்டர். இந்த வரிசையில் போனால் செலவு குறையும்.

டெல்லியில் புகை சர்டிபிகேட் இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம். பெட்ரோல் பங்குகளிலேயே கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது.

என்.ஓ.சி. வாங்குவது

12 மாதத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் புது எண் தேவையில்லை, தமிழ்நாட்டு எண்ணிலேயே ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் டி.என். 23-ஓ ராணிப்பேட்டை டி.என். 73-ஓ வாணியம்பாடி டி.என். 83-ஓ, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 28 கொடுக்க வேண்டும். கூடவே ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகை சர்டிபிகேட், சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் வேண்டும். லோன் இருந்தால் பாங்க்கின் ஒப்புதல் கடிதமும் சேர்த்து. பாக்கி அபராதம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மலைப்பாதையில் போட்ட மறந்துபோன சலான்தான் பெரும்பாலும் முட்டுக்கட்டை.

சேசிஸ் பிரிண்ட் மலை வண்டிக்குத் தனித் தொல்லை. ஃப்ரேமை மணல் அடித்து பவுடர் கோட்டிங் செய்திருந்தால் எண்ணின் பள்ளங்கள் பெயின்டில் மூடியிருக்கும், பென்சில் தேய்த்தால் ஒன்றும் ஏறாது. பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு எண்ணின் மேல் மட்டும் வைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு எழுத்தின் ஓரம் தேய்ந்தாலும் எண்ணை அழித்த வண்டி என்று சந்தேகம் வந்துவிடும், அதை நிரூபித்து மீள்வது பெரிய பாடு. சுத்தமானதும் பென்சில் பிரிண்டை மூன்று நான்கு எடுத்து வையுங்கள், டெல்லிப் பக்கத்திலும் கேட்பார்கள்.

கம்மவான்பேட்டை மாதிரி ராணுவக் குடும்பங்கள் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான பி.எச். (பாரத்) எண் வாங்கலாம். ஒவ்வொரு மாற்றலுக்கும் புதுப் பதிவு வேண்டாம். ஆனால் பி.எச். எண் புகைத் தடையிலிருந்து காப்பாற்றாது.

போய்ச் சேர்ந்த பிறகு

டிரெய்லரில் அனுப்பினால் வண்டியின் உயரத்தை அளந்து சொல்லிவிட்டு விலை பேசுங்கள். உயர்த்திய வண்டி மூடிய கன்டெய்னரில் நுழையாமல் போகலாம். ஓட்டியே போவதென்றால் சித்தூர், கடப்பா வழியாகக் கர்னூல் போய் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். கழற்றிய ஒரிஜினல் அல்லாத பார்ட்டுகளை வண்டியில் ஏற்றாதீர்கள்.

அங்கே படிவம் 27 கொடுத்து, அந்த மாநில வரி கட்டினால் புது எண் வரும். அதற்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும், கண்ணாடியில் எரிபொருள் ஸ்டிக்கரும் போட வேண்டும். டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு வெளிர் நீலம். இன்ஷூரன்ஸில் எண்ணையும் விலாசத்தையும் உடனே மாற்றுங்கள், தாமதித்தால் விபத்தின்போது கிளெய்ம் சிக்கும்.

புது ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலையும் அங்கே வரி கட்டிய ரசீதையும் தமிழ்நாட்டு ஆயுள் வரி ரசீதோடு சேர்த்து, வேலூர் ஆபீஸில் வரி ரீஃபண்டுக்கு விண்ணப்பியுங்கள். மீதி வருடங்களுக்கான தொகை கணக்கிட்டுத் திரும்ப வரும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்று விடுகிறவர்கள் பாதிப் பேர் ரசீதைத் தொலைத்துவிடுகிறார்கள். அசலைக் கிளம்பும் முன்பே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.