முப்பத்தாறும் போச்சு: பழைய ஃபிலிம் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் எடுத்த முதல் ரோலில் எண்காட்டி 36-ஐத் தாண்டி 37, 38, 39 என்று போய்க்கொண்டே இருந்தது. இனாமாக மூன்று படம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். கழுவி வந்த சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட எழுத்துகளும் எண்களும் மட்டும் பளிச்சென்று இருந்தன. நடுவே தலை முதல் வால் வரை ஒரே ஆரஞ்சு. ஒரு படம்கூட இல்லை. ஃபிலிமின் நுனி சுற்றுருளையில் மாட்டவே இல்லையாம். லீவரை இழுத்தேன், ஷட்டர் அடித்தது, எண்ணும் நகர்ந்தது. ஃபிலிம் மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

டிஜிட்டல் கேமராவில் தப்பு நடந்தால் அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். இங்கே மூன்று வாரம் கழித்து லேப்காரர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் அந்த விருந்தும் முடிந்திருக்கும், பயணமும் முடிந்திருக்கும். அதனால் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை கேமராவை வெளியே எடுத்துப் போகும் முன்பே கவனிக்க வேண்டியவை.

மாட்டுவதும் கழற்றுவதும்

பெரும்பாலான மேனுவல் கேமராக்களில் எண்காட்டி லீவர் இழுப்பதைத்தான் எண்ணுகிறது. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா, நகர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. எண்ணை நம்பியதுதான் என் தப்பு. பார்க்க வேண்டியது இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழியை. பின்மூடியைச் சாத்தியபிறகு, அந்தக் குமிழியை அம்புக்குறி திசையில் மெல்லச் சுற்றி, உள்ளே தளர்ந்திருக்கும் ஃபிலிமை இறுக்குங்கள். விரலில் தடை தெரிந்ததும் விட்டுவிடுங்கள். இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழி எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சுழலவில்லையா, படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

ரோல் முடிந்ததும் லீவர் கெட்டியாகும். "இன்னும் ஒன்று வரும்" என்று அழுத்தி இழுப்பவர்கள் உண்டு. பல் துளைகள் கிழியும். அல்லது ஃபிலிம் டப்பாவுக்குள்ளிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் அதை இருட்டறையில்தான் எடுக்க முடியும். கெட்டியானதும் கேமராவின் அடியில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி, பிறகு ரீவைண்ட் செய்யுங்கள். பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, குமிழி சுற்றவில்லையே என்று பலம் காட்டுவதும் அடிக்கடி நடக்கிற கூத்து.

சுற்றி உள்ளே அனுப்பாமலே பின்மூடியைத் திறந்துவிட்டால்? உடனே மூடுங்கள். எல்லாம் போய்விடாது. சுற்றுருளையில் மேல்சுற்றாக இருப்பது கடைசியாக எடுத்த படங்கள். அடி வாங்குவது அவைதான். உள்சுற்றில் இருக்கும் ஆரம்பப் படங்கள் பலசமயம் தப்பிவிடும். சில மோட்டார் கேமராக்கள் முதலிலேயே முழு ஃபிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். அவற்றில் எடுத்த படங்கள் பத்திரம், எடுக்காதவைதான் போகும்.

இன்னொன்று, ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் எண். ஃபிலிம் டப்பாவின் மேல் கட்டம் கட்டமாக இருக்கும் டிஎக்ஸ் கோட் 1983-இல் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் எதையும் தானாகப் படிக்காது, டயலை நாம்தான் திருப்ப வேண்டும். போன ரோலுக்கு 400-இல் வைத்ததை அப்படியே விட்டு 100 ஃபிலிமை மாட்டினால், முழு ரோலும் இரண்டு ஸ்டாப் இருண்டு வரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து கேமராவின் முதுகில் செருகி வைப்பது பழைய வழக்கம். பல கேமராக்களில் அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கும்.

டிஜிட்டல் கண்ணால் வெளிச்சத்தை அளப்பது

டிஜிட்டலில் பழகியவர்களுக்கு ஒரு பயம் ஊறிப்போயிருக்கும்: வானம் வெளுத்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் குறைத்தே எடுப்பார்கள், நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம் என்று. கலர் நெகட்டிவில் இது நேர் எதிர்மாறு. வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடினால் அது தாங்கிக்கொள்ளும். குறைந்தால் நிழல் இருக்கும் இடத்தில் நெகட்டிவில் ஒன்றுமே பதிவாகாது. இல்லாததை எந்த மென்பொருளும் தூக்க முடியாது. சேற்று நிறத்தில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நெகட்டிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் இந்தப் புத்திமதி ஆகாது, அங்கே டிஜிட்டல் பயம்தான் சரி.

அந்தக் காலத்து பேட்டரி

1960, 70-களின் கேமராக்களில் பல, பிஎக்ஸ்625 போன்ற பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அதன் அழுத்தம் 1.35 வோல்ட். ஆயுள் முடியும்வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் அதை நம்பியே அளவிடும். பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் இப்போது சந்தையில் இல்லை. அதே அளவில், ஏறக்குறைய அதே பெயரில் கிடைப்பது 1.5 வோல்ட் ஆல்கலைன். கச்சிதமாக உட்காரும், முள்ளும் ஆடும். இரண்டு சிக்கல். எளிய மின்சுற்று உள்ள மீட்டர், வோல்ட் கூடியதால் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருளும். அதோடு ஆல்கலைனின் வோல்ட் நாளுக்கு நாள் இறங்கும், ஆகவே தப்பும் ஒரே அளவில் நிற்காது. ஒரே மாதிரி தப்பினால் ஐஎஸ்ஓவை மாற்றிச் சரிக்கட்டலாம், நகரும் தப்பை என்ன செய்வது?

காது கேட்கும் கருவிக்கான 675 அளவு ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும். சிறு வளையம் வைத்தால் பொருந்தும். ஸ்டிக்கரைப் பிய்த்த பிறகு சில வாரம், சில மாதம் என்றுதான் ஓடும், ஆனால் அதுவரை நிலையாக நிற்கும். 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியோடு வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டரும் விற்கிறார்கள். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களின் மீட்டருக்கு வோல்ட் வித்தியாசம் பொருட்டே இல்லை. அதற்கு அடாப்டர் வாங்குவது வீண் செலவு. என்னைக் கேட்டால், மீட்டரே செத்துப்போன கேமராவாக இருந்தாலும் தயங்காமல் வாங்குவேன். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்/16-இல் வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். 100 ஃபிலிமுக்கு 1/125, 400-க்கு 1/500. மற்ற வேளைக்கு செல்போனில் லைட் மீட்டர் செயலி இருக்கிறது.

எந்த பேட்டரியானாலும், ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்து பச்சை பூத்த கம்பியைச் சுரண்டும் வேலை யாருக்கும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஃபிளாஷ் உள்ள பழைய சின்ன கேமராவைத் திருகாணி கழற்றித் திறக்காதீர்கள். ஃபிளாஷின் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை பிடித்துவைத்திருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது அடிக்கும்.

பெட்டிக்குள் நடப்பது

பொக்கிஷம் போல் தோல் உறையிலேயே போட்டுப் பூட்டி வைப்பதுதான் மிகப் பெரிய கெடுதல். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போல் இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. நாளாக நாளாக அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். அரித்த தடத்தை எந்தத் துடைப்பாலும் அழிக்க முடியாது.

காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், கூடவே ஈரம் காட்டும் சிறு மீட்டர். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நல்லது. அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் உள்ளே இருக்கும் கிரீஸும் மேலே ஒட்டிய தோலும் காயும். ஜெல்லைப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடுகிறோம். ஈரம் குடித்து முடித்த ஜெல் வெறும் கூழாங்கல்தான்.

பின்மூடியைத் திறந்து ஓரத்துப் பள்ளத்தில் விரல் வைத்துப் பாருங்கள். தார் மாதிரி கறுப்பாக ஒட்டுகிறதா? அது ஒருகாலத்தில் வெளிச்சம் புகாமல் தடுத்த ஸ்பாஞ்சு. 70, 80-களின் ஜப்பானியக் கேமராக்களில் அது பெரும்பாலும் இப்படித்தான் மட்கியிருக்கும். அதோடு எடுத்தால் படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் கீற்று விழும். பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ஸ்பாஞ்சு ஒட்டலாம். கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள், துகள் ஷட்டர் பக்கம் விழக்கூடாது.

ஷட்டர் திரையை விரலால் தொடாதீர்கள். அழுத்தக் காற்று டப்பாவால் ஊதவும் வேண்டாம். லென்ஸ் வழியாகவே பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் கேமராவின் உள்கண்ணாடிக்குப் பிரதிபலிக்கும் பூச்சு முன்பக்கம், துடைத்தால் கீறும். ஷட்டர் மந்தமாக இருக்கிறதென்று எண்ணெய் விடுபவர்களை என்ன சொல்ல! எண்ணெய் பரவி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மந்தமாக இருந்தது ஊமையாகிவிடும். மாதம் ஒருமுறை ஃபிலிம் இல்லாமல் எல்லா வேகத்திலும் நாலைந்து முறை அடித்துவிடுங்கள். எடுத்து வைக்கும்போது லீவரை இழுத்த நிலையில் விடாமல் ஷட்டரைத் தட்டிவிட்டு வையுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருக்கட்டும். சோவியத்தின் சோர்க்கி-4 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஃபிலிம் சுற்றும் குமிழியைத் திருகாமல் வேகக் குமிழியைத் திருப்பினால் உள்ளே உடையலாம்.

துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வெயிலில் முகம் மேலாக வைக்காதீர்கள். நடுவே கண்ணாடி இல்லாததால் லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியில் ஓட்டை போடும். அதற்காக லென்ஸ் மூடியைப் போட்டால், அதைக் கழற்ற மறந்து முழு ரோலையும் எடுத்து முடிப்பீர்கள். பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு என்பதால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் செய்திருக்கிறேன், அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

ரோலும் நெகட்டிவும்

பழைய பெட்டியில் கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் ஸ்லைடு ரோல் கிடைத்தால் அலங்காரத்துக்கு வையுங்கள். அதற்கான கே-14 முறையில் கழுவிவந்த கடைசி லேப், அமெரிக்காவின் கேன்சஸில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ, 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. கலரில் இனி வராது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ஃபிலிமை உடனே பிரிக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் வியர்க்கும். விமானப் பயணத்தில் ரோலை ஒப்படைக்கும் பெட்டியில் போடவே கூடாது. கைப்பைக்கும் இப்போது பல இடங்களில் மருத்துவமனையில் இருப்பது போன்ற சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் வந்துவிட்டது, அது ஒரே தடவையில் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கும். ஒளி ஊடுருவும் பையில் தனியாக எடுத்துக் காட்டி, கையால் சோதிக்கக் கேளுங்கள்.

லேபில் ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை அங்கேயே விட்டுவிட்டு வருவது இந்தக் காலத்துத் தப்பு. செல்போனுக்கென்று செய்த ஸ்கேனைச் சுவரளவு பெருக்க முடியாது. 24×36 மில்லிமீட்டர் நெகட்டிவை எப்போது வேண்டுமானாலும் நல்ல ஸ்கேனரில் மறுபடி போடலாம். பாலிபுரோப்பிலீன் உறையில் வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும்.

என் அந்த வெற்று ஆரஞ்சு ரோல் இன்னும் இருக்கிறது. வெட்டிக் கொடுக்க அதில் படமே இல்லாததால் லேபில் முழுசாகவே கொடுத்துவிட்டார்கள். புதிதாக எந்தப் பழைய கேமரா கைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் மாட்டுகிறேன். பின்மூடியைத் திறந்தே வைத்து லீவரை இழுத்தால் பல் சரியாகக் கவ்வுகிறதா, உருளை சுற்றுகிறதா, ஷட்டர் முழுக்கத் திறக்கிறதா எல்லாம் கண்ணெதிரே தெரிகிறது. அடுத்து ஒரு விநாடி வேகத்தில் வைத்து அடித்து, காதோரம் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இரண்டு வரை போனால் கேமரா நேராக மெக்கானிக்கிடம்.