வெப்ப மாதச் சாலையோட்டங்கள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை குறைந்து வெப்பம் ஏறும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோட்டங்கள் நடக்கின்றன. எங்கள் ஓட்டக் கழகத்தின் முடிவுகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், யார் முதல் பாதியை எந்த வேகத்தில் ஓடினார், யார் எந்த இடத்தில் தளர்ந்தார் என்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். இவ்வாண்டு சேர்ந்த புதியவர்களின் நேரக் கணக்கும், கழகம் தொடங்கிய காலத்தில் எங்கள் அனைவரின் நேரக் கணக்கும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. புதுக் காலணியோடு போட்டிக்கு வருவது, முந்தைய இரவு நாசி கண்டாரை வயிறு நிறைய உண்பது போன்றவற்றை எவரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருட்டைக் குளிர்ச்சி என்று நம்பி முதல் கிலோமீட்டர்களில் விரைதல்

ஐந்தரை மணிக்கோ ஆறு மணிக்கோ போட்டி தொடங்கும்போது கோலாலம்பூர் இன்னும் இருட்டாகவே இருக்கும். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. வெப்பமானி 24 அல்லது 25 பாகை காட்டும். தெருவிளக்கின் கீழ் காத்து நிற்கையில் தோலில் இலேசான குளிர் தட்டும். அந்தக் குளிரை நம்பிப் புதியவர் தம்முடைய மிகச் சிறந்த நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாய்கிறார். காற்றின் ஈரப்பதம் நாளின் உச்சத்தை எட்டி, 90 விழுக்காட்டையும் தாண்டி நிற்பது அதே நேரத்தில்தான் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

ஓடும்போது தசைகளில் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு உடல் பெரிதும் நம்பியிருப்பது வியர்வை ஆவியாவதைத்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்தால் நீரும் உப்பும் போய்விடும், வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். மழைநாளில் கொடியில் போட்ட துணி உலராமல் தொங்குவதைப் போல, ஈரம் நிறைந்த விடியற்காலைக் காற்றில் நம் வியர்வை உலர்வதில்லை. இதனால் தோலைக் குளிர்விக்கவும் தசைக்கு உயிர்வளி கொடுக்கவும் ஒரே குருதியைப் பங்கிட்டு அனுப்ப வேண்டிய இதயம், கால்களின் வேகம் மாறாதபோதும் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. வியர்வையால் குருதியின் நீர் குறையக் குறைய அந்தப் பங்கீடு மேலும் கடினமாகிறது. முதல் ஐந்து கிலோமீட்டரில் சேர்த்துக்கொண்ட வெப்பத்தை, வேகத்தைக் கணிசமாகக் குறைக்காமல் பிறகு இறக்க முடியாது. அந்த நேரத்தில் வெயிலும் எழுந்துவிடும்.

மெல்பர்னில் படித்துவிட்டுத் திரும்பிய இளம்பெண் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அங்கே குளிர்ந்த அக்டோபர் காலையில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை ஒரு மணி நேரம் 45 நிமிடத்தில் முடித்தவர். அதாவது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். புக்கிட் துங்குவின் 'டபுள் ஹில்' ஏற்றங்களில் எங்களுள் பலரைவிட உறுதியாக ஏறுவார். டத்தாரான் மெர்டேக்கா அருகே தொடங்கிய ஓர் அரை மாரத்தானுக்கு முந்தைய நாள், முதல் ஏழு கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓடும்படி அவரிடம் சொன்னேன். "சரிண்ணே" என்றார். மறுநாள் முதல் ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்துக்குள் கடந்தார். பதினோராவது கிலோமீட்டரில் அவருடைய இதயத் துடிப்பு, பயிற்சியில் கடைசி ஏற்றத்தின் உச்சியில் மட்டுமே தொடும் எண்ணைத் தொட்டது. பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு நடப்பதும் ஓடுவதுமாக வந்து, இரண்டே கால் மணி நேரம் கடந்து முடித்தார். அந்தப் போட்டியின் குழுப் பிரிவில் நான்கு உறுப்பினர்களின் நேரத்தைக் கூட்டிக் கணக்கிட்டார்கள். மற்ற மூவர் தங்களுக்குச் சொல்லப்பட்ட வேகத்தில் ஓடிச் சேர்த்த நிமிடங்கள் அத்தனையும் அதில் கரைந்துபோயின.

ஒரு போட்டியில் தோற்பது எனக்குப் பொருட்டல்ல. சனிக்கிழமை கேட்டு, புரிந்து, ஒப்புக்கொண்ட ஒன்றை ஞாயிற்றுக்கிழமை தொடக்க ஒலி கேட்டதும் கைவிடுவதுதான் இன்றுவரை என்னை எரிச்சலூட்டுகிறது. அதைவிடவும் கெடுதலானது, போட்டி முடிந்ததும் இத்தகைய புதியவர்கள் எடுக்கும் முடிவு. "பயிற்சி போதவில்லை" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அடுத்த வாரமே ஓடும் தூரத்தைக் கூட்டுகிறார்கள்; களைப்பு நீங்காத உடலில் முழங்காலோ குதிகால் தசைநாணோ புண்படுகிறது; அடுத்த இரண்டு போட்டிகளுக்கு வரவே இயலாமல் போகிறது. பயிற்சி போதுமானதாகவே இருந்தது. குறையெல்லாம் முதல் இருபத்தைந்து நிமிடங்களில் இருந்தது, அதை நேரப் பட்டியலைப் பார்த்த எவராலும் சொல்லியிருக்க முடியும்.

இலக்கு நேரத்தை வேற்று நாட்டுப் போட்டியிலிருந்தோ குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்லிலிருந்தோ எடுக்காதீர்கள். புக்கிட் அமான் கார் நிறுத்துமிடத்திலிருந்து லேக் கார்டனைச் சுற்றி, போட்டி தொடங்கும் அதே நேரத்தில் ஓடிய நீண்ட ஓட்டத்திலிருந்து எடுங்கள். போட்டித் தூரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கை, அந்த இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 நொடி மெதுவாக ஓடுங்கள். அரை மாரத்தானில் ஐந்தாவது கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் பேச முடிய வேண்டும். ஜாலான் சுல்தான் இஸ்மாயில் போன்ற உயர்மாடிக் கட்டடங்களுக்கு இடையே செயற்கைக்கோள் சைகைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால், கைக்கடிகாரம் அந்தக் கணத்தில் காட்டும் வேகம் தாறுமாறாக இருக்கும். சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைக் கடக்கும்போது கழிந்திருக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கூட்டம் முந்துவதைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு அவர்களுள் பலரை ஒவ்வொருவராகக் கடப்பீர்கள்.

இந்த மண்ணில் பிறந்தவருக்கு வெப்பம் பழகியதுதான் என்ற நினைப்பு

குளிரூட்டிய வீட்டில் உறங்கி, குளிரூட்டிய காரில் சென்று, குளிரூட்டிய அலுவலகத்தில் நாளைக் கழிப்பவரின் உடல், பிறந்த இடத்தின் பெயரால் மட்டும் வெப்பத்துக்குப் பழகிவிடாது. வெப்பத்தில் நாள்தோறும் ஓரளவு உழைத்தால், பத்து முதல் பதினான்கு நாட்களில் குருதியின் நீர் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்த மாற்றங்களும் மறைந்துவிடுகின்றன. வார நாள்களில் இரவு பத்து மணிக்கு டிரெட்மில்லில் மட்டும் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாலையில் வேகத்தை எதிர்பார்ப்பவர்கள், வேலை முடிந்து வீடு திரும்பும் முன் தித்திவங்சா ஏரியைச் சுற்றியாவது வாரத்தில் சில மாலைகள் ஓட வேண்டும்.

தண்ணீர்

இதில் எதிரெதிரான இரண்டு தவறுகளைக் காண்கிறேன். நேரம் வீணாகும் என்று முதல் இரண்டு தண்ணீர் மேசைகளையும் சிலர் தாண்டிப் போகிறார்கள். வேறு சிலர் அச்சத்தால் தொடக்கக் கோட்டிலேயே ஒரு பாட்டிலைக் காலி செய்து, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று குவளை வெறும் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நான்கைந்து மணி நேரம் ஓடும் மெதுவான ஓட்டக்காரருக்கு இந்த இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தானது. அளவுக்கு மீறிய தண்ணீர் குருதியிலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்து மூளையில் வீக்கத்தை உண்டாக்கக்கூடும். தலைவலி, குமட்டல், விரல்களில் வீக்கம் ஆகியவை அதன் தொடக்கக் குறிகள். அவற்றை நீர்க்குறைவு என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பவர்களும் உண்டு.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஓட்டத்தின்போது ஆற்றலுக்காக உண்ணும் சர்க்கரைக் கூழான ஜெல்லை விழுங்கியதும் 100 பிளஸ் போன்ற இனிப்பு பானத்தைக் குடிக்காதீர்கள். சர்க்கரை மேல் சர்க்கரை சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஜெல்லோடு வெறும் தண்ணீர்தான் ஏற்றது.

வலி மாத்திரை

ஓடுவதற்கு முன் ஐபுப்ரோஃபன் விழுங்காதீர்கள். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

பிறர் எண் அட்டையோடு ஓடுதல்

அந்த எண் அவருடைய பெயரில் பதிவாகியிருப்பதால், நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு வேறொருவரின் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைக்கும்.

பினாங்குப் பாலத்தைத் தட்டை என்று எண்ணுதல்

பாலத்து மாரத்தான் வழக்கமாக ஆண்டின் இறுதியில் வந்தாலும், அதற்கான பயிற்சி இந்த வெப்ப மாதங்களில்தான் நடக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். கப்பல்கள் செல்வதற்காக உயர்த்தப்பட்ட அதன் நடுப்பகுதியைப் போகும்போதும் திரும்பும்போதும் ஏற வேண்டியிருக்கும். ஏற்றப் பயிற்சி இல்லாமல் வருபவர்கள் அங்கேதான் நடக்கத் தொடங்குகிறார்கள்.

புகைமூட்டத்தில் பிடிவாதம்

2015 அக்டோபரில் புகைமூட்டத்தால் கோலாலம்பூர் மாரத்தான் ரத்து செய்யப்பட்டது. அத்தகைய நாளில் பல மாத உழைப்பு வீணாகக் கூடாது என்று தனியே அதே தூரத்தை ஓடிவிடத் துடிக்கும் மனத்தை நான் அறிவேன். ஆயினும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. ஓடும் உடல், ஓய்ந்திருக்கும் உடலைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறது. அன்றைக்கு டிரெட்மில்லை நாடுங்கள். நான் அதைப் பரிந்துரைக்கும் ஒரே சூழல் அதுதான்.

கடைசி உறுப்பினர் வரும் முன் கிளம்பிவிடுதல்

விரைவாக முடித்தவர்கள் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு மாமாக் கடைக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். மெதுவாக ஓடுபவர்களோ எட்டரை மணி வெயிலில், நாளின் கடினமான பகுதியில் வந்துகொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருவர் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பேசினாலோ, காரணமின்றிச் சீறினாலோ, வெப்பத் தாக்கு என்று கருதியே செயல்பட வேண்டும். வியர்வை வழிகிறது என்பதால் அது வெப்பத் தாக்கு அல்ல என்று முடிவுகட்டக் கூடாது. ஓடி விழுபவர்களுக்கு உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிய நிலையிலும் வியர்வை வரும். முதலில் அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டி இருந்தால் கழுத்துவரை அதில் இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பனிக்கட்டி நீரில் நனைத்த துண்டுகளை உடல் முழுவதும் போர்த்தி, சூடேறச் சூடேற மாற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டியை வையுங்கள். வேறொருவர் 999ஐ அழைக்கட்டும். தெளிவாகப் பேசாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

எங்கள் கழகம் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பெட்டி பனிக்கட்டியும் ஒரு கட்டுத் துண்டுகளும் கொண்டு செல்கிறது. கடைசி உறுப்பினர் முடிவுக்கோட்டைக் கடந்து, தம் பெயரையும் எண்ணையும் தடுமாறாமல் சொல்லும்வரை அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதில்லை.