கறுப்பு ஹேர் டையை வீட்டில் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

"டை ரொம்பக் கறுப்பாப் போச்சுக்கா, வீட்டுலயே எடுக்கப் பார்த்தேன், இப்படி ஆயிருச்சு" என்று துப்பட்டாவை விலக்கிக் காட்டும் தலைகள் என் பார்லருக்கு வருவது நின்றபாடில்லை. இப்போது வீட்டிலேயே பார்லர் தொடங்கும் பிள்ளைகளும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். கையுறை போடுங்கள், பழைய துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும்.

கறுப்பின் மேல் பிரவுன் பூசுவது

சாயத்தைச் சாயம் எடுக்காது. இளம் பிரவுன் டையில் உள்ள பெராக்சைடு, டை ஏறாத புது முடியைத்தான் வெளுக்க வைக்கும். தலைச்சூடும் சேர்ந்துகொள்வதால் வேர்ப்பகுதி சீக்கிரமே ஆரஞ்சாகிவிடும். அதற்குக் கீழே கறுப்பு அப்படியே நிற்கும்.

"அம்மோனியா இல்லாத டைதானே, தானாகப் போய்விடும்"

போகாது. அம்மோனியாவுக்குப் பதில் வேறொரு காரப்பொருள், பெரும்பாலும் எத்தனாலமைன், இருக்கும். வாடை குறைவு, அவ்வளவுதான்.

எலுமிச்சை, ஆப்ப சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட்

முடிதான் நாராகும். டை போட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஷாம்பூவில் குழைத்துப் பூசிப் பார்க்கலாம். ஒரு சுற்று மங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கலர் ரிமூவர் போட்டுவிட்டு அரைகுறையாக அலசுவது

கலர் ரிமூவர் என்பது முடியில் ஏறிய டையை எடுக்க விற்கும் மருந்து. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். காசு போகிறது, முடியின் பளபளப்பு போகிறது, கறுப்பு மட்டும் போவதில்லை.

டை பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கும்: பிபிடி போன்ற சாய மூலப்பொருள்கள் உள்ள கிரீம் ஒன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பர் இன்னொன்று. கிரீமைப் பிதுக்கும்போது பாருங்கள், கறுப்பாகவே இருக்காது. அதிலுள்ள மூலக்கூறுகள் சின்னவை. முடிக்குள் நுழைந்து, பெராக்சைடு பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்த பிறகுதான் பெரிதாகிக் கறுக்கின்றன. பெரிதானபின் வெளியே வர வழி கிடையாது. கழற்றிக் கொண்டுபோன கட்டிலை அறைக்குள் வைத்துப் பொருத்திவிட்ட மாதிரி. ரிமூவர் செய்வது அந்தக் கட்டிலைக் கழற்றுவது மட்டும்தான். நிறம் இழந்த துண்டுகள் முடிக்குள்ளேயே கிடக்கும். அவற்றை வெளியே கொண்டுவருவது தண்ணீர். அப்படியே விட்டுவைத்தால் காற்றில் உள்ள ஆக்சிஜனே போதும், கட்டில் மறுபடி எழுந்து நிற்கும்.

வாடிக்கையாளர் ஒருவர், தங்கை கல்யாண ரிசப்ஷனுக்காக ஆன்லைனில் ரிமூவர் வாங்கிப் போட்டார். அழகான செம்பழுப்பு வந்தது என்று போட்டோ எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் சாயங்காலம் போன்: "அக்கா, திரும்பக் கறுத்துப் போச்சு, மருந்து போலி." எவ்வளவு நேரம் அலசினீர்கள் என்று கேட்டேன். "நாலஞ்சு மக்கு ஊத்தினேன்க்கா." இடுப்பைத் தொடும் முடிக்கு! மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

பெட்டியில் போட்டிருக்கும் அலசும் நேரம் ஓடும் தண்ணீருக்கான கணக்கு. வாளியும் மக்குமாகக் குளிக்கிற வீட்டில் அதைப் பிடிப்பது கஷ்டம். மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். குழாயில் ஹோஸ் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைத்து ஊற்றச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, பெட்டி 20 நிமிடம் என்றால் 20 நிமிடமும் அலச வேண்டும். அதிகம் தப்பிப்போவது பிடரிப் பக்கம்தான்.

முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உள்பக்கத்தில் மெல்லிய ஒரு கற்றையை எடுத்து 20 வால்யூம் (6% பெராக்சைடு) டெவலப்பரைத் தொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் கற்றை கறுத்தால் துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அந்தக் கற்றையைக் கழுவிவிட்டுத் திரும்ப அலச வேண்டியதுதான். வாடையை நம்பாதீர்கள். ரிமூவரின் அழுகிய முட்டை நாற்றம் கந்தகச் சேர்மத்தால் வருவது, நன்றாக அலசிய முடியிலும் சில நாள் தங்கும்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு: ஆரஞ்சைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே புது டை போடுவது. ஆரஞ்சு வருவது சகஜம். பழைய டையின் பெராக்சைடு உங்கள் சொந்த நிறத்தையும் கொஞ்சம் வெளுத்துவிட்டிருக்கும், ரிமூவர் அதைத் திருப்பித் தராது. அந்த நேரத்தில் டெவலப்பர் கலந்த டையைப் பூசினால், மிச்சமிருக்கும் துண்டுகளுக்கு நீங்களே பெராக்சைடு ஊற்றுகிறீர்கள். பிரவுன் பூசுவீர்கள், கறுப்பு வரும். ஒரு வாரமாவது பொறுங்கள். பிறகும் நினைத்த ஷேடைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுங்கள், ரிமூவர் பட்ட முடி சாயத்தை அதிகமாக இழுக்கும். விசேஷம் நெருங்கிவிட்டது என்றால் டெவலப்பர் தேவைப்படாத செமி பெர்மனன்ட் போதும்.

தரை கழுவும் ப்ளீச்சிங் பவுடர்

தலைக்கு அல்ல. கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே நாளில் இரண்டாவது ப்ளீச்

ஈரமுடி ஒன்றை இழுத்துப் பாருங்கள். நீண்டு, திரும்பிச் சுருங்காமல் நின்றால் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடுங்கள்.

மருதாணி போட்டதை மறந்துவிடுவது

ரிமூவர் பெராக்சைடு டைக்கு மட்டும்தான். மருதாணியின் சாயம் முடியின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்வது, அதை இது அசைக்காது. அவுரிப்பொடி சேர்த்திருந்தால் ப்ளீச்சில் பச்சை அடிக்க வாய்ப்பு உண்டு. "பிளாக் ஹென்னா" பாக்கெட்டுகள் பலவற்றில் பிபிடியும், சிலவகைச் சாயங்களில் உலோக உப்பும் இருக்கும். உலோக உப்பின் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி அறுந்தே போகலாம். அதனால் பிடரியில் சின்னக் கற்றையை வெட்டி, நூலால் கட்டி, போடப் போகும் கலவையை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அதன்மேல் முதலில் போட்டுப் பாருங்கள். சூடோ நுரையோ புகையோ வந்தால் அந்த வேலையே வேண்டாம்.

எப்போது போட்டது என்று யோசிக்கும்போது போன மாதத்தோடு நிறுத்தாதீர்கள். முடி மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். முடி 36 செ.மீ. என்றால் நுனிக்கு வயது 3 வருடம். அப்போது அத்தை குழைத்துப் போட்டுவிட்ட மருதாணி அங்கேதான் இருக்கிறது. பார்லருக்கு வந்தாலும் இதைச் சேர்த்தே சொல்லுங்கள்.