'இன்னைக்கு டெலிவரி'னு மெசேஜ் வந்தா என்ன பாக்கோணும்

ஏனுங்க, அந்த மெசேஜ நம்பி தோட்டத்து வேலைய விட்டுப்போட்டு வாசல்லயே உக்காந்துக்காதீங்க, தேதி கம்ப்யூட்டர் போடற தோராயக் கணக்குதானுங்க. பார்சல் கடைசியா எந்த ஊர்ல, எத்தன மணிக்கு ஸ்கேன் ஆச்சுன்னு பாருங்க. மத்தியானம் வரைக்கும் கோயமுத்தூர்லயே நிக்குதுன்னா அன்னைக்கே அந்தியூர் வர்றது கஷ்டம், காலைல 'அவுட் ஃபார் டெலிவரி' வந்தாத்தான் ஓரளவு நம்பலாம். ஸ்பீட் போஸ்ட்னா இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் சேத்து 13 இருக்கற அந்த டிராக்கிங் நம்பர இந்தியா போஸ்ட் சைட்லயே போட்டுப் பாருங்க.

எங்கம்மா மருந்துக்கு 'வீடு பூட்டியிருக்கு'ன்னு போட்டுட்டாங்க, அப்ப நாங்க திண்ணைலதான் உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தோம், அவ்வளவு வேதனையாப் போச்சுங்க. அப்படி வந்தா உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்னைக்கே கம்ப்ளைன்ட் பண்ணிருங்க, கண்டுக்கலீன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. பார்சல் கைக்கு வராம ஓடிபி மட்டும் சொல்லிராதீங்க.